கிருமிக்கு வைத்த பேர்

சென்னை
4-8-1985

அன்புள்ள மச்சானுக்கு,

தந்தி என் கைக்கு வந்தது பகல் பதினொன்று நாற்பதுக்கு. காரியத்தன்று நீங்கள் கேட்டீர்கள், ஏன் மத்தியான பஸ்ஸைப் பிடிக்கவில்லை என்று. அப்போது பதில் சொல்ல முடியவில்லை. லேபில் கிருமி வளர்க்கும் அகார் கூழை உருக்கி வைத்திருந்தேன். ஆறினால் கட்டிவிடும். எல்லாத் தட்டுகளிலும் ஊற்றி முடித்து, மூடி போட்டு, தேதி எழுதிவிட்டுத்தான் கிளம்பினேன். பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு மலர்கொடி இறந்துவிட்டாள் என்று தந்தியில் தெளிவாகவே இருந்தது. படித்தேன். பிறகு ஊற்றினேன்.

நான் நலம். நீங்கள், ஆண்டாயி அக்கா, சின்னவன், பாப்பா அனைவரும் நலம் என்று நம்புகிறேன். அக்கா இரண்டு பிள்ளைகளுக்கும் பால் கொடுப்பதால் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளச் சொல்லவும்.

ஒரு உதவி வேண்டும். லேபில் ஒரு புதிய ஆராய்ச்சி நடக்கிறது. அதற்குத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலம் தேவை. பாப்பாவுடையதைக் கொஞ்சம் எடுத்து அனுப்பவும். சுத்தம் செய்த பாட்டில்களைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூடியின் உட்புறத்தில் கை படக்கூடாது. ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்து மெட்ராஸ் பஸ்ஸில் கொடுத்துவிட்டால் போதும்.

இப்படிக்கு,
உத்திராபதி

*

உடையார்பாளையம்
19-8-85

அன்புள்ள மாப்ளைக்கு ராசாங்கம் எழுதிக்கிட்டது. இங்க எல்லாரும் சொகம். ஒங்க சொகத்துக்கு எழுதுங்க. ஆனா ஆபீஸ் கடுதாசி மாதிரி எழுதாதீங்க, மனுசன் மாதிரி எழுதுங்க.

ஒங்க பார்சல் வந்தப்ப ஆண்டாயி அடுப்படியில இருந்தா. அப்பன் புள்ளைக்குச் சட்டை எடுத்து அனுப்பியிருக்காருன்னு கையத் தொடச்சிக்கிட்டு ஓடியாந்தா. பிரிச்சா பாட்டிலு. கடுதாசிய நான் சத்தமாத்தான் படிச்சேன், பாதியில நிறுத்திட்டேன். "தம்பி என்ன கேக்குறாரு?"ன்னா. சொன்னேன். எந்திரிச்சு உள்ள போயிட்டா.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட பஸ் ஏறுனீங்க மாப்ள. புள்ள கெடந்த தொட்டிய எட்டிப் பாக்கல. அரியலூர் வரைக்கும் நான் டூட்டி பாக்குற வண்டியிலதான் வந்தீங்க. ஒங்க டிக்கெட்டுக்கு நான் காசு போட்டேன், ஒரு வார்த்தை கேக்கல. இப்பக் கேக்குறேன். புள்ள கறுப்பா செவப்பா, மூக்கு யாரு மூக்கு, ராத்திரி தூங்குதா, என்னைக்காவது கேட்டீங்களா? புள்ளையப் பாக்க வரல, புள்ளையோட பீயக் கேக்குறீங்க.

அதுக்கு இன்னும் பேரு வைக்கல. காது குத்த தாய்மாமன் மடி இருக்கு. காதுல பேரு சொல்ல அப்பன் வாய்தான் வேணும். அதுக்காவது வாங்க.

பாட்டில பரண்ல போட்டுட்டேன்.

ராசாங்கம்

*

சென்னை
2-9-1985

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். நீங்கள் எல்லோரும் நலம் என்று அறிந்தேன். ஊருக்கு வருவது பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஏன் கேட்டேன் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

குழந்தைக்குச் சளி, காய்ச்சல் என்று டாக்டர் கொடுக்கும் கடுமையான மருந்து, நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் கொன்றுவிடும். பிறகு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொள்ளும். நல்ல கிருமிகளை வெளியிலிருந்து மாத்திரையாகக் கொடுத்து ஈடு செய்யலாம். இதுவரை எங்கள் மருந்துக் கம்பெனி அந்தக் கிருமியை வெளிநாட்டிலிருந்து வாங்கியது. இனி நம் ஊர்ப் பிள்ளைகளின் வயிற்றிலிருந்தே எடுக்கலாம் என்று என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

எடுத்தால் மட்டும் போதாது, நல்லதாகப் பொறுக்கியெடுக்க வேண்டும். உங்கள் பஸ் கணக்கில் சொல்கிறேன். விழுங்கிய கிருமிக்கு இரைப்பையில் முதல் செக்கிங், அங்கே அமிலம். அதில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். அடுத்த செக்கிங் பித்தநீர். அதையும் தாண்டியதுதான் குடலுக்குள் போகும். போனாலும் பிடித்துக்கொண்டு நிற்கத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் வெளியே போய்விடும். அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கெட்ட கிருமியை எழுப்பிவிடவும் தெரிய வேண்டும். இத்தனையும் செய்கிற ஒன்றைத்தான் தேடுகிறேன். ஆரோக்கியமாகத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் அது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

போன வருடம் இதை ஆரம்பித்தபோது முதல் சாம்பிள் கொடுத்தது மலர்கொடிதான். அப்போது ஆரோக்கியமான பெரியவர்களுடையதும் தேவைப்பட்டது. "கல்யாணம் பண்ணி வந்த பொண்டாட்டிக்கிட்ட எந்தப் புருசனாவது இதக் கேப்பானா? ஊர்ல சொன்னா ஒங்களப் பைத்தியம்பாங்க" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் கொடுத்தாள். அவளிடமிருந்து எடுத்த கிருமிகளை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறேன்.

என் அறையில் கம்பெனி ஒரு போன் வைத்திருக்கிறது. ராத்திரியில் கரண்ட் போனால் வாட்ச்மேன் கூப்பிடுவார், நான் ஓடிப்போய்க் கிருமி வளரும் இன்குபேட்டரைப் பார்க்க வேண்டும். அவசரம் என்றால் நீங்களும் டிரங்க் கால் போடலாம். நம்பர் பின்பக்கம்.

பாப்பாவின் எடை எவ்வளவு என்று எழுதவும்.

உத்திராபதி

*

உடையார்பாளையம்
29-9-85

அன்புள்ள மாப்ளைக்கு,

எல்லாரும் சொகம், நீங்களும் சொகமா இருக்கணும். எடை கேட்டீங்க. சரி, அதாவது கேட்டீங்களே. தூக்குனா ரெண்டு கையும் வேணும், அவ்வளவு கனம். ஆண்டாயி பால் ஒரு பக்கம் எங்க சின்னவனுக்கு, ஒரு பக்கம் ஒங்க பொண்ணுக்கு. அவன் பங்கையும் இவ தட்டிப் பறிக்கிறா. மூக்கு மலரு மூக்கு. நீங்க கேக்கல, நானா சொல்றேன்.

பாட்டில பரண்லேருந்து எறக்குனது ஆண்டாயிதான். "மலரே குடுத்துச்சுல்ல, அது மகளும் குடுக்கட்டும்"னா. நீங்க சொன்ன மாதிரியே சுடுதண்ணியில கை கழுவிட்டு எடுத்தா. மெட்ராஸ் வண்டி கண்டக்டர் வெள்ளைச்சாமிக்கிட்டக் குடுத்தனுப்புனேன். புரட்டாசி சனிக்கெழம, கல்லங்குறிச்சி பெருமாளப் பாக்கப் போற கூட்டம், அவசரத்துல என்ன ஏதுன்னு அவன்கிட்டச் சொல்லல. விழுப்புரத்துல டீ குடிக்க எறங்குனவன், ராசாங்கம் காபி குடுத்தனுப்பியிருக்கான்னு ஃபிளாஸ்க்கத் தொறந்திருக்கான். பாட்டிலு மூடி இறுக்கமா இருந்ததால பொழச்சான். மூடியில கை படல, அதனால ஒங்க ஆராய்ச்சியும் பொழச்சிது. இப்ப என்னையப் பாத்தா, "ஏன்டா, ஒன் தங்கச்சி மாப்ள மெட்ராஸ்ல என்னதான்டா வேலை பாக்குறாரு?"ங்கறான். நான் சயின்டிஸ்டுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

தீவாளிக்கு வாங்க. பேரு வைக்கணும்.

ராசாங்கம்

*

சென்னை
30-10-1985

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலமா? சாம்பிள் நல்ல நிலையில் வந்தது. வெள்ளைச்சாமி அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும். தீபாவளிக்கு வர முடியாது. லீவு இருக்கிறது. வர முடியாது.

ஒரு விஷயம். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும், உங்களைத் தவிர ஆள் இல்லை. பல குழந்தைகளிடமிருந்து எடுத்தவற்றையெல்லாம் அமிலத்தில் போட்டேன், பித்தத்தில் போட்டேன். பெரும்பாலானவை செத்தன. பாப்பாவிடமிருந்து வந்த ஒன்று சாகவில்லை. பித்தத்தில் விட்டு மறுநாள் பார்த்தாலும் வளர்ந்துகொண்டிருந்தது. வயிற்றுப்போக்குக் கிருமியோடு ஒரே தட்டில் விட்டேன். சுற்றிலும் அதை அண்டவிடவில்லை, தட்டில் வட்டமாக ஒரு வெற்றிடம்.

அது எந்தெந்தச் சர்க்கரையைத் தின்கிறது, எதைத் தொடாது என்று பார்த்தேன். ஒவ்வொரு கிருமிக்கும் நாக்கு வேறு. அந்த ருசியை எங்கோ பார்த்த ஞாபகம் வந்தது. ஃப்ரிட்ஜைத் திறந்து பழைய டியூப்களை எடுத்தேன். மலர்கொடியின் நான்காவது டியூப். அதே ருசி. அதே வட்டம்.

பிறக்கும்போது தாயின் உடம்பிலிருந்துதான் முதல் கிருமிகள் குழந்தைக்குப் போகும். பாப்பா அவள் பாலை ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. ஆனாலும் இது போய்ச் சேர்ந்திருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நிரூபிக்க என்னிடம் கருவி இல்லை. எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

கம்பெனியில் இதற்கு நம்பர்தான் போட வேண்டும். நான் இரண்டு டியூபிலும் 'மலர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். எல்லோரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். "மலர் எப்படி வளருது?" என்று கேட்கிறார்கள். நன்றாக வளர்கிறது என்கிறேன்.

உத்திராபதி

*

உடையார்பாளையம்
11-11-85

மாப்ளைக்கு,

சொகம். ஆண்டாயி ஒங்க கடுதாசியப் படிக்கச் சொல்லி ரெண்டு தடவ கேட்டா. மலரு இன்னும் உசுரோட இருக்குற மாதிரியில்ல எழுதியிருக்காருன்னு புள்ளையத் தூக்கி வச்சிக்கிட்டு அழுதா. நான் அழுவல. எனக்கு ஆத்திரந்தான் வந்துச்சு.

நாலு மாசமா ஒங்க புள்ள இங்க பேரில்லாமக் கெடக்கு. பாப்பா, ஏய், குட்டி, இதத்தான் கூப்புடுறோம். தடுப்பூசி போட வந்த நர்சம்மா பேரென்னன்னு கேக்குது. இன்னும் வைக்கலம்மான்னேன். அப்பா இல்லியான்னுச்சு. இருக்காருன்னேன். தலை குனிஞ்சு நின்னேன் மாப்ள, நாலு பொம்பளைங்க முன்னால.

கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குப் பேரு வச்சிட்டீங்க. ஒங்க ரத்தத்துல பொறந்த புள்ளைக்கு வைக்கல. என் தங்கச்சி பேரத் தூக்கி டியூபுல ஒட்டியிருக்கீங்களே, அத வச்சுக் கூப்புட ஒரு உசுரு இங்க கெடக்குறது ஒங்களுக்குத் தோணவே இல்லியா?

இதுக்குப் பதில் வந்தாத்தான் அடுத்த கடுதாசி.

ராசாங்கம்

*

சென்னை
6-1-1986

அன்புள்ள மச்சானுக்கு,

நலமா? பதில் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன். வரவில்லை. இன்று எழுதுவது வேறு விஷயம், கோபத்தில் எழுதுகிறேன்.

எந்தக் கிருமியை மாத்திரைக்கு எடுப்பது என்று மீட்டிங் நடந்தது. நான் மலரைச் சொன்னேன். மேனேஜர் ஒன்பதாம் நம்பரைச் சொன்னார். அந்த ஒன்பது பித்தத்தில் போட்ட ஒரு மணி நேரத்தில் மொத்தமாகச் செத்துப்போகும். என் கையால் பார்த்தது. ஆனால் உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கினால் தாங்குகிறது, பாட்டிலுக்குள் ஒரு வருடம் உயிரோடு கிடக்கும். மலர் உலர்த்தும்போது வாடிவிடுகிறது. உண்மைதான், மறுக்கவில்லை. பாலில் கலந்து மெதுவாக உலர்த்தினால் தாங்க வைக்கலாம், இரண்டு மாதம் கொடுங்கள் என்றேன். கோடைக்கு முன்னால் மாத்திரை கடைக்குப் போக வேண்டும் என்றார்.

"சார், இது வயித்துக்குள்ள போனதும் செத்துரும். செத்த கிருமிய விக்கிறதுக்கு எதுக்கு சார் லேபு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "தம்பி, பாட்டில்ல எத்தனை கோடி உயிர்னுதான் லேபிள்ல போடணும். வயித்துல எத்தனைன்னு எவன் எண்ணப் போறான்?"

நான் எண்ணுவேன் என்றேன். எல்லோரும் பேப்பரைப் பார்த்துக்கொண்டார்கள்.

மச்சான், அந்த மாத்திரையை வாங்கப்போவது யார்? வயிற்றால் போகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெயங்கொண்டத்திலும் அரியலூரிலும் மருந்துக் கடை வாசலில் நிற்கிறவர்கள். மாத்திரை கொடுத்தாயிற்று என்று உப்புச் சர்க்கரைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் இருந்துவிடுவார்கள். பொறுக்குவது என்றால் பிள்ளை வயிற்றுக்குப் பொறுக்க வேண்டும். இவர்கள் அலமாரிக்குப் பொறுக்குகிறார்கள். மலர்கொடி செத்த நாளில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியவன், இன்று அகாரைத் தரையில் கொட்டிவிட்டேன்.

வேண்டாம் என்று தள்ளியதையெல்லாம் இந்த மாதக் கடைசிக்குள் பிரஷர் குக்கரில் வைத்துக் கொதிக்கவிட்டுக் கொன்றுவிட வேண்டும். அது விதி. வைக்க வேண்டியவன் நான். பரவாயில்லை, பாப்பாவிடம் அது இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். உறுதி செய்துகொள்ள இன்னொரு சாம்பிள் அனுப்ப முடியுமா?

உத்திராபதி

*

ரஞ்சன்குடி
23-1-86

அன்புள்ள மாப்ளைக்கு,

எல்லாரும் நல்ல சொகம். பொங்கலுக்கு ஆண்டாயி அண்ணன் வூட்டுக்கு வந்தோம், வந்த எடத்துல கொஞ்ச நாள் தங்கியிருக்கோம். எனக்கும் லீவு பாக்கி இருந்துச்சு. ஒங்க கடுதாசிய உடையார்பாளையத்துலேருந்து இங்க திருப்பி அனுப்பியிருந்தாங்க. நீங்க மேனேஜர்கிட்டப் பேசுனது சரிதான். வேலைக்கு எடைஞ்சல் வராமப் பாத்துக்குங்க.

சாம்பிள் இப்ப வேணாம். அப்பறம் பாப்போம். ஒடம்பப் பாத்துக்குங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க.

ராசாங்கம்

*

பெரம்பலூர்
27-1-86

தம்பி உத்திராபதிக்கு அக்கா ஆண்டாயி எழுதிக்கிறது. என் எழுத்து கோணலா இருக்கும், நிதானமாப் படிங்க.

ஒங்க மச்சான் சொகம்னு எழுதுன கடுதாசிய நான்தான் தபால் பெட்டியில போட்டேன். அது பொய். பொங்கலுக்கு மறுநாள் புள்ளைக்கு நெஞ்சுச் சளி கட்டுச்சு, மூச்சு எரைச்சுச்சு. ஒரு டாக்டர்கிட்டக் காட்டுனோம். கடுமையான மருந்துதான், ஆனா அது இல்லாட்டிப் புள்ள தங்கியிருக்காதுன்னாரு. சளி விட்டுச்சு. அதோட வயித்தால போக ஆரம்பிச்சிது, நிக்கவே இல்ல. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில சேத்திருக்கோம். இங்க லேடி டாக்டர் ஊசியெல்லாம் நிறுத்திட்டாங்க, உப்புச் சர்க்கரைத் தண்ணியும் என் பாலும் மட்டும் குடுக்கச் சொல்றாங்க. கண்ணு முழிச்சுப் பாக்குது. ஆனா என் பங்கு உன் பங்குன்னு சின்னவனோட சண்ட போட்ட புள்ள, இப்ப குடிக்கவே கெஞ்ச வேண்டியிருக்கு. ரெண்டு கையால தூக்குனத ஒரு கையால தூக்குறேன்.

நீங்க எழுதுனத ஒங்க மச்சான் படிச்சுச் சொன்னாங்க, கடுமையான மருந்து நல்லதையும் கொன்னுருமுன்னு. அப்ப மலரு குடுத்ததும் செத்துருச்சா தம்பி? அதக் கேக்கத்தான் எழுதுறேன்.

ஒங்க மச்சான் ஒங்களுக்கு டிரங்க் கால் போடத் தபால் ஆபீசுக்குப் போனாங்க. வரிசையில நின்னுட்டுப் பேசாமத் திரும்பி வந்துட்டாங்க. ஏன்னு கேட்டேன். "சொன்னா, சரிங்க மச்சான்னு சொல்லிட்டு வச்சிருவாரு ஆண்டாயி. அதக் கேட்டுட்டு நான் எப்புடி அவர மாப்ளன்னு கூப்புடுறது?"ன்னாங்க.

நீங்க வந்து மருந்து குடுக்க வேணாம். டாக்டர் இருக்காங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல பேரு எழுதணும்னு கேட்டாங்க, 'மலர்கொடி பெண் குழந்தை'ன்னு எழுதியிருக்கோம். செத்தவ பேருதான் அதுக்கு இன்னும் அடையாளம். எனக்கு ஒங்க மேல கோவம் இருக்கு தம்பி. ரொம்ப இருக்கு.

ஆண்டாயி

*

மெட்ராஸ்
31-1-86

மச்சானுக்கும் அக்காவுக்கும்,

இந்தக் கடுதாசிய வெள்ளைச்சாமி அண்ணன் கையில குடுத்து விடுறேன். தெறந்து பாத்துக்குங்கண்ணேன்னு சொல்லித்தான் குடுப்பேன், சிரிப்பாரு. காலை வண்டியில எனக்கு முன்னாடி வந்து சேந்துரும். நான் மத்தியான பஸ்ஸுல வர்றேன். இந்தத் தடவ மத்தியான பஸ்ஸுதான்.

அக்கா, நீங்க கேட்டதுக்குப் பதில். ஆமா, பாப்பாகிட்ட இருந்தது செத்துருக்கும். ஆனா ஒண்ணு இருக்கு. ஃப்ரிட்ஜக் காலி பண்ணச் சொன்ன கடைசி நாள் இன்னைக்கு. ஒங்க கடுதாசி நேத்து சாயங்காலம் வந்துச்சு. தள்ளுனதையெல்லாம் குக்கர்ல அடுக்கி வச்சேன், ஒண்ணத் தவிர. மலரோட நாலாவது டியூப சட்டைப் பையில போட்டுக்கிட்டு ரூமுக்கு வந்துட்டேன். காய்ச்சி ஆறுன பால்ல விட்டு இன்குபேட்டர் சூட்டுக்குச் சரியா வெந்நீர்ச் சட்டியில வச்சிருக்கேன். இதே மாதிரி பால்ல வளத்தத மார்கழிலேருந்து நானே குடிச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன், ஒண்ணும் பண்ணல. பால் கட்டி வர்றதுக்குத்தான் காலை வண்டிய விடுறேன்.

லேடி டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிக் காட்டுவேன். அவங்க சரின்னா ஒரு சொட்டு பாப்பா நாக்குல வைப்பேன். வேணாம்னா வைக்க மாட்டேன், கையக் கட்டிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்திருப்பேன். அதுவரைக்கும் உப்புச் சர்க்கரைத் தண்ணியையும் ஒங்க பாலையும் நிறுத்தாதீங்க. மாத்திரை ஏதாவது விக்க வந்தா வாங்காதீங்க. அதுல என் கம்பெனி பேரு இருந்தா, சத்தியமா வாங்காதீங்க.

மச்சான், தொட்டிய ஏன் எட்டிப் பாக்கலன்னு கேட்டீங்க. மூக்கு அவ மூக்கா இருந்துட்டா என்ன செய்யிறதுன்னு பயந்தேன். நீங்களே எழுதிட்டீங்க, அவ மூக்குதான்னு. இனி பயந்து என்ன ஆவப் போவுது.

திருட்டும்பாங்க. சொல்லட்டும். என் பொண்டாட்டி சிரிச்சிக்கிட்டே குடுத்தது அது. வேணாம், கொதிக்க வையின்னு அவங்களே தள்ளிட்டாங்க. இன்னொருத்தன் வேணாம்னு தள்ளுனத என் புள்ளைக்குக் கொண்டுட்டு வர்றதுக்கு நான் எவன்கிட்டயும் கேக்க மாட்டேன். நாளைக்கு அந்த மேனேஜர் என் வேலைய எடுத்துக்கட்டும். ஒன்பதாம் நம்பர் பித்தத்துல சாவுறத எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு அவரு மேசையில வச்சிட்டுத்தான் வந்திருக்கேன்.

டியூபுல ஒட்டியிருந்த சீட்டக் கிழிச்சிட்டேன். அந்தப் பேரு பாப்பாவுக்கு வேணும். டியூப் சும்மா டியூபாவே இருக்கட்டும்.

மலர். காதுல நான்தான் சொல்லணும்னீங்க. வந்து சொல்றேன். அதுக்கு முன்னாடி நர்சம்மா கேட்டா நீங்க சொல்லிருங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் மாத்தச் சொல்லுங்க. அப்பா பேரு உத்திராபதின்னு கீழ எழுதச் சொல்லுங்க.

எழுதிக்கிட்டு இருக்கும்போதே போன் அடிக்குது. விடிஞ்சதுலேருந்து மூணாவது தடவ. கரண்ட் போவல, வாட்ச்மேன் இல்ல. குக்கர்ல ஒரு டியூப் கொறையுறது தெரிஞ்சிருக்கும். இத்தனை மாசமா அது எப்ப அடிச்சாலும் ஓடிப்போயி எடுத்திருக்கேன். இப்ப ஒயரச் செவுத்துலேருந்து பிடுங்கிட்டேன்.

உத்திராபதி